அது ஒட்டுண்ணி இல்லைங்க, மேலொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கம்பளைக்குப் பக்கத்துல ஒரு தோட்டப் பாடசாலையில 26 வருஷமா விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். எங்க வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைன்னா உங்க பேப்பர் வந்தாகணும், அப்பா இருந்த காலத்துல இருந்தே அப்படித்தான், அந்த உரிமையிலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். இடம் பத்தலைன்னா எங்க வேணும்னாலும் வெட்டிக்கோங்க, ஆனா ஒட்டுண்ணிங்கிற சொல்லைப் பத்தி எழுதியிருக்கிறதை மட்டும் வெட்டிடாதீங்க.

போன மாசம் ஆரோக்கியப் பக்கத்துல முடவாட்டுக்கால்ங்கிற பன்னச் செடி (தமிழ்நாட்டுல பெரணின்னு சொல்லுவாங்க) பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. முழங்கால் வலிக்கு சூப் வைக்கிறது எப்படின்னு செய்முறையோட. சூப்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்ல இல்ல, எங்க அப்பாயி வச்சுக் குடுத்து நானே குடிச்சிருக்கேன். ஆனா அதுல அந்தச் செடி 'மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி'ன்னு எழுதியிருந்துச்சு. அடியில இருக்கிற பழுப்பு இலையெல்லாம் நோய் புடிச்ச இலைன்னு எழுதியிருந்துச்சு. படத்துல இருந்தது முடவாட்டுக்காலே இல்ல, அது வேற குடும்பத்துச் செடி. கடைசிப் பத்தியில, விஞ்ஞானிகளே இதுக்கு மூணு நாலு பேர் வச்சுக் குழம்பிப்போய் இருக்காங்க, நமக்குப் பேரா முக்கியம் பலன்தானே முக்கியம்னு முடிச்சிருந்தாங்க. நான் எழுத உட்கார்ந்தது முக்கியமா அந்தக் கடைசிப் பத்தியால.

நடந்ததைச் சொல்றேன். எங்க பாடசாலை மைதானத்து ஓரத்துல ஒரு பெரிய மாரை மரம் நிக்குது, வெள்ளைக்காரன் காலத்து மரம்னு சொல்லுவாங்க. அதோட பெரிய கிளைங்க எல்லாத்துலயும் இந்தச் செடி வரிசையா கூடு கூடா உட்கார்ந்திருக்கும், மழை காலத்துல கீழ இருந்து பார்த்தா மரத்துக்கு ரெண்டு மடங்கு இலை இருக்கிற மாதிரி தெரியும். உங்க கட்டுரை வந்து ரெண்டு வாரம் கழிச்சு ஒரு திங்கட்கிழமை காலையில போய்ப் பார்க்கிறேன், கிளையெல்லாம் மொட்டையா வழிச்சு விட்டிருக்கு. சனி ஞாயிறுல ரெண்டு பேரை ஏத்தி கத்தியால சுரண்டி இறக்கியிருக்காங்க, நாலு உரப்பை நிறைய வந்துச்சாம், மரத்தைக் கொல்ற ஒட்டுண்ணின்னு பேப்பர்லயே போட்டிருக்கு, விட்டு வச்சா மரம் பட்டு பிள்ளைங்க மேல விழுந்துரும்னு யாரோ சொல்லியிருக்காங்க. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, பிள்ளைங்க மேல உள்ள பயத்துலதான் செஞ்சிருக்காங்க. இறக்கின அண்ணன்கிட்டயே கேட்டேன், "ஏண்ணே இப்படி?" ன்னு, "டீச்சர், நீங்கதானே புல்லுருவி மரத்தை அழிச்சுரும்னு எங்க பயலுக்குச் சொல்லிக் குடுத்தீங்க" ன்னு சொன்னாரு. புல்லுருவின்னு சொன்னது நான்தான். ஆனா இது புல்லுருவி இல்லையே. அன்னைக்கு தரம் 9 பிள்ளை ஒண்ணு கொப்பியைத் தூக்கிட்டு வந்து, "டீச்சர் நீங்க மேலொட்டின்னு எழுதச் சொன்னீங்க, பேப்பர்ல ஒட்டுண்ணின்னு போட்டிருக்கு, எது சரி?" ன்னு கேட்டுச்சு. அச்சுல வந்தது தப்பு, நான் சொன்னது சரின்னு ஒரு பிள்ளையை நம்ப வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

புல்லுருவியை, குருவிச்சைன்னும் சொல்லுவாங்க, அதை எடுத்துக்குவோம். அது மரத்தோட பட்டைக்குள்ள பருகுவேரை இறக்கி உள்ள ஓடுற தண்ணியையும் உப்பையும் எடுத்துக்கும், அதனால கிளை காய்ஞ்சு போகும். அதுதான் ஒட்டுண்ணி, ஒட்டி உண்ணுறது. முடவாட்டுக்கால் பட்டைக்கு உள்ள போகவே போகாது. பட்டைக்கு மேல படுத்து வேரால பிடிச்சுக்கும், அவ்வளவுதான். அதே செடி பாறையிலயும் வளருது, தோட்டத்துப் பழைய கல் மதில்லயும் வளருது, பாறையில உறிஞ்ச என்ன சாறு இருக்கு சொல்லுங்க. மரம் அதுக்குக் குடுக்கிறது உட்கார ஒரு இடமும் கொஞ்சம் வெளிச்சமும்தான். அதனாலதான் மேலொட்டி, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல தொற்றுத்தாவரம்னு போட்டிருப்பாங்க. கிளை ஏற்கனவே உக்கிப் போயிருந்தா இந்தப் பாரத்துல முறியலாம், அது உண்மை, அப்போ அந்தக் கிளையைப் பார்த்து வெட்டணும், செடி மேல பழியைப் போட்டு மரத்தையே மொட்டையடிக்கக் கூடாது.

அப்போ மண்ணே இல்லாம அது சாப்பாட்டுக்கு என்ன பண்ணுது? இங்கதான் உங்க கட்டுரையில 'நோய் புடிச்ச இலை'ன்னு எழுதின அந்தப் பழுப்பு இலை வருது. இந்தச் செடிக்கு ரெண்டு வகை இலை. ஒண்ணு நீளமான பச்சை இலை, நல்லா வளர்ந்தா ஒரு மீற்றர் வரைக்கும் போகும், சீப்பு மாதிரி ஆழமா வெட்டுப்பட்டிருக்கும், முதுகுல வட்ட வட்டமா பொட்டு வச்ச மாதிரி வித்திக்கூட்டம் இருக்கும் (வித்திங்கிறது விதைக்குப் பதிலா பன்னம் பரப்புற தூள்). இன்னொண்ணு அடியில இருக்கிற குட்டை இலை, காம்பே இல்லாம கையை விரிச்சுப் பொத்தின மாதிரி கிளையைத் தழுவிக்கிட்டு இருக்கும். அது பிறக்கும்போது பச்சைதான், சீக்கிரமே பழுப்பாகி தாள் மாதிரி விறைச்சுப் போயிடும், ஆனா விழாது. வருஷக்கணக்கா அப்படியே நிக்கும். அதுல வித்தி கிடையாது. அதோட வேலை கூடையா இருக்கிறது. மேல இருந்து விழுற சருகு, பூ, பட்டைத்தூள், பறவை எச்சம், காத்துல வர்ற தூசி எல்லாம் அந்தக் கூடைக்குள்ள விழுந்து மழையில நனைஞ்சு மக்கி மண்ணாகுது, செடி அந்த மண்ணுக்குள்ள தன் வேரை விடுது. தனக்கு வேண்டிய தோட்டத்தைத் தானே போட்டுக்குது.

சில வருஷத்துக்கு முன்னால ஒரு காத்து மழையில கிளை ஒண்ணு முறிஞ்சு விழுந்தப்போ அதுல இருந்த கூட்டை பிள்ளைங்களோட உட்கார்ந்து இலை இலையா பிரிச்சுப் பார்த்தோம். மேல அன்னைக்கு விழுந்த சருகு, கொஞ்சம் கீழ வலை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சின சருகு, அதுக்குக் கீழ தேயிலை நாற்றுமேடைக்குப் போடுற மண்ணை விட நல்ல கறுத்த மண்ணு, வேர் பின்னிப் பின்னி, பூரான் ஒண்ணு, நத்தைக் குஞ்சு, எறும்புக் கூட்டம் முட்டையோட. இந்தச் செடியோட பச்சை இலையில தேன் மாதிரி கசியுற சுரப்பி இருக்குது, பூவே இல்லாத செடியில தேன் சுரப்பி, எறும்பு அதைத் தேடித்தான் வருது. அன்னைக்குப் பிள்ளைங்க கேட்ட கேள்வி எனக்கு ரெண்டு பாடவேளை பத்தல. இவ்வளவையும் தாங்கி நிக்கிற கூடை இலையைத்தான் நோய்னு நினைச்சு பலபேர் பூச்சட்டியில இருந்து பிச்சுப் போடுறாங்க, பிச்சுப்போட்டா செடி பட்டினி.

படத்தைப் பத்தி ஒரு வரி. நீங்க போட்டது பறவைக்கூட்டுப் பன்னம், அஸ்பிளீனியம் நைடஸ். அதுவும் மேலொட்டிதான், அதுவும் சருகு சேர்க்குதுதான், ஆனா இலை வெட்டே இல்லாம நீளவாழை இலை மாதிரி இருக்கும், வித்தி வட்டப் பொட்டா இல்லாம கோடு கோடா இருக்கும், குடும்பமே வேற. அதோட அடியை வெட்டி யாராவது சூப் வச்சாங்களோ தெரியல.

இப்ப பேர் விசயத்துக்கு வர்றேன். விஞ்ஞானிங்க குழம்பிப்போய் இருக்காங்கன்னு எழுதினீங்களே, அது குழப்பம் இல்ல. அந்தப் பேருங்களுக்குப் பின்னால முன்னூறு வருஷத்துக் கதை இருக்குது, அந்தக் கதைக்கும் நம்ம நாட்டுக்கும் தொடர்பு உண்டு.

1670கள்ல டச்சுக் கம்பனிக்கு டொக்டரா கொழும்புக்கு வந்தவரு பவுல் ஹெர்மன். அவரு இங்க இருந்த வருஷத்துல ஊர் ஊராச் செடி சேர்த்து காயவச்சு தாள்ல ஒட்டி எடுத்துட்டுப் போனாரு. அந்தத் தொகுப்பு எழுபது வருஷத்துக்குப் பிறகு சுவீடன்ல லின்னேயஸ்ங்கிற தாவரவியலாளர் கையில கிடைச்சு, அதை வச்சு அவரு 1747ல இலங்கைச் செடிங்களைப் பத்தி ஃப்ளோரா சைலானிக்கா எழுதினாரு. அப்புறம் 1753ல உலகத்துச் செடிக்கெல்லாம் ரெட்டைப் பேர் வச்சப்போ நம்ம முடவாட்டுக்காலுக்கு அவரு குடுத்த பேர் பொலிப்போடியம் குவெர்சிஃபோலியம். ஓக் இலை மாதிரி இலை உள்ள பொலிப்போடியம்னு அர்த்தம், அந்த அடி இலையைப் பார்த்துத்தான் அப்படி. பொலிப்போடியம்னா கிரேக்கத்துல பல கால். எங்க ஆளுங்க அந்தத் தண்டுல மயிர் மாதிரி செதில் மூடியிருக்கிறதைப் பார்த்து ஆட்டுக்கால்னு சொன்னாங்க, அங்க உள்ளவங்க அந்தக் கூட்டத்துத் தண்டைப் பார்த்து பல கால்னு சொன்னாங்க, ஒருத்தரை ஒருத்தர் அறியாமலே ரெண்டு பேரும் காலைத்தான் பார்த்திருக்காங்க. இதை நினைக்கிறப்ப எல்லாம் எனக்கு ஒரு சந்தோசம்.

லின்னேயஸ் பன்னங்களைப் பிரிச்சது இலை முதுகுல வித்தி எப்படி இருக்குன்னு பார்த்து. வட்டப் பொட்டா இருந்தா பொலிப்போடியம், கோடா இருந்தா அஸ்பிளீனியம், இலை ஓரத்துல இருந்தா டெரிஸ், முதுகு முழுக்கப் பூசின மாதிரி இருந்தா அக்ரொஸ்டிக்கம். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை, கையில இருந்த காய்ஞ்ச இலையை வச்சு வேற என்னத்தைப் பார்ப்பாரு. ஆனா அதுல ஒரு வில்லங்கம். தோட்டத்து செக்ரோல்ல, அதான் தொழிலாளர் பேர்ப் பதிவுல, பார்த்தா ராமசாமின்னு ஏழெட்டுப் பேர் இருப்பாங்க, பேர் ஒண்ணா இருக்குன்னு அவங்க எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்கன்னு சொல்ல முடியுமா? அந்த மாதிரி வட்டப் பொட்டு இருக்கிற பன்னம் எல்லாம் பொலிப்போடியத்துக்குள்ள வந்து குவிஞ்சு போச்சு, தரையில முளைக்கிறது, மரத்துல முளைக்கிறது, ஐரோப்பாக்காரன், ஆசியாக்காரன், சொந்தம் இருக்கிறவன், இல்லாதவன் எல்லாரும்.

அப்போ 1825ல பிரான்ஸ்காரர் போரி டி சென் வின்சென்ட், பொலிப்போடியத்துக்கு உள்ளயே இந்தக் கூடை இலைக்காரங்களைத் தனியா ஒரு உட்பிரிவா வச்சு டிரைனேரியான்னு பேர் குடுத்தாரு. டிரைஸ்னா கிரேக்கத்துல ஓக் மரம். அப்புறம் 1840கள் தொடங்கின நேரத்துல லண்டன் கியூ தோட்டத்துல இருந்த ஜோன் ஸ்மித் அதைத் தனிச் சாதியாவே உயர்த்தினாரு. ஜோன் ஸ்மித் செடிங்களை உயிரோட வளர்த்துப் பார்த்தவரு, தண்டு எப்படி ஊருது இலை எப்படி உதிருதுன்னு தினமும் கண்ணால கண்டவரு, தாள்ல ஒட்டின இலையை மட்டும் பார்க்கிறவங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னையில இருந்து நம்ம செடி டிரைனேரியா குவெர்சிஃபோலியா. ஓக் ஓக்கிலைன்னு ஒரே மரத்தை ரெண்டு மொழியில ரெண்டு தடவை சொல்ற பேரு.

சாதின்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். நம்ம இலங்கைப் பாடப்புத்தகத்துல குடும்பத்துக்குக் கீழ சாதி, சாதிக்குக் கீழ இனம், தமிழ்நாட்டுல பேரினம் சிற்றினம்னு சொல்றாங்க. எங்க பிள்ளைங்க மத்தியில அந்தச் சொல்லைச் சொல்றப்ப ஒவ்வொரு வருஷமும் எனக்கு நாக்கு கொஞ்சம் தடுக்கும், பேரினம்னே மாத்தினா நல்லதுன்னு நினைக்கிறேன், அது வேற ஒரு கடிதத்துக்கு.

மூணாவது பேருக்கு வர்றேன். பிலிப்பைன்ஸ் பக்கத்துல நம்ம செடிக்கு நெருங்கின சொந்தம் ஒண்ணு இருக்குது. அதுலயும் கூடை உண்டு, ஆனா பெரும்பாலும் தனி இலையா இல்லாம, அதே பச்சை இலையோட அடிப்பக்கமே அகலமாகி சருகைப் பிடிக்கும். வியன்னாவுல இருந்த ஷொட் அதுக்கு 1830கள்லயே அக்லேமோர்ஃபான்னு பேர் வச்சிட்டாரு. ரொம்ப காலம் டிரைனேரியா வேற, அக்லேமோர்ஃபா வேறன்னு தான் இருந்துச்சு. 1985ல நெதர்லாந்துக்காரர் மார்கோ ரோஸ் இந்தக் கூட்டத்தை முழுக்க எடுத்து இலை, செதில், நரம்பு எல்லாம் ஒப்பிட்டுப் பெரிய ஆய்வு ஒண்ணு போட்டாரு. 2005ல ஜான்சனும் ஷ்னைடரும் டீஎன்ஏயை வச்சு யார் யாருக்கு எவ்வளவு கிட்டத்துச் சொந்தம்னு பார்த்தாங்க. ரெண்டும் நெருங்கின பங்காளிங்கதான்னு ஆனதும் கேள்வி வந்துச்சு, ரெண்டு வீடா வைக்கிறதா ஒரே வீடா சேர்க்கிறதா? சேர்த்தா எந்தப் பேரு? செடிக்குப் பேர் வைக்கிற சட்டத்துல பொதுவா மூத்த பேருக்குத்தான் உரிமை, சாதியா வச்ச பேருல அக்லேமோர்ஃபாதான் மூத்தது. அதனாலதான் சேர்க்கணும்னு சொல்றவங்க நம்ம செடியை அக்லேமோர்ஃபா குவெர்சிஃபோலியான்னு எழுதுறாங்க, மத்தவங்க டிரைனேரியான்னே எழுதுறாங்க. பேரோட பின்பாதியைப் பாருங்க, குவெர்சிஃபோலியம் குவெர்சிஃபோலியாவா ஆனது தவிர 1753ல இருந்து இன்னைக்கு வரைக்கும் மாறவே இல்ல. செடி எதுன்னு யாருக்கும் சந்தேகமே இல்ல. அது எந்த வீட்டுப் பிள்ளைங்கிறதுலதான் பேச்சு. பழைய காகிதத்துல பிறந்த ஊர் ஒரு மாதிரியும் அப்பா பேர் இன்னொரு மாதிரியும் எழுதியிருக்கிறதைத் திருத்த எத்தனை ஒபிசு ஏறி இறங்கின சனம் நாங்க, ஒரு பேரைச் சரியா எழுத ஒருத்தர் உட்கார்ந்து பாடுபட்டா அதைக் குழப்பம்னு எங்களால சொல்ல முடியாது.

சொந்தம் பார்க்கிறதுல இருக்கிற அதிசயம் இன்னொண்ணு. கண்டி ரோட்டு நாற்றுக்கடைங்கள்ல மான்கொம்புன்னு தொங்க விட்டிருப்பாங்களே, பிளாட்டிசீரியம், அதுலயும் அடியில பழுப்பா ஒரு கேடய இலை மரத்தோட ஒட்டிக்கிட்டு சருகு பிடிக்கும். பார்த்தா முடவாட்டுக்காலோட கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். ஒரே பொலிப்போடியேசியே குடும்பம்தான், ஆனா உள்ள பார்த்தா கிளை வேற. மான்கொம்புக்குக் கிட்டத்துச் சொந்தம் பைரோசியா, நம்ம பலா மரத்துலயும் கொய்யா மரத்துலயும் சின்னச் சின்ன தடிச்ச இலையோட கொடி மாதிரி ஊருமே, அந்த வகை. கூடையே இல்லாத அது சொந்தம், கூடை இருக்கிற இது தூரம். மரத்து மேல மண்ணு இல்லைங்கிற ஒரே கஷ்டத்துக்கு ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்காங்க. உருவத்தைப் பார்த்து மட்டும் வகைப்படுத்தினா இது தெரிய வந்திருக்கவே வந்திருக்காது.

பேரா முக்கியம் பலன்தானே முக்கியம்னு கேட்டீங்க இல்லையா, மருந்துன்னு வந்தா பேர் இன்னும் முக்கியம். சீனாவுல எலும்பு முறிவுக்கு குசுய்பூன்னு ஒரு மருந்து நூற்றாண்டுக்கணக்கா பாவிக்கிறாங்க. அது நம்ம செடியோட சகோதர இனத்தோட தண்டு. அதை ரொம்ப காலம் டிரைனேரியா ஃபோர்ச்சுனைன்னு எழுதிட்டு வந்தாங்க, அந்தப் பேர் ஏற்கனவே வேற ஒரு பன்னத்துக்கு வச்சாச்சுன்னு தெரிஞ்சதும் மாத்த வேண்டியதாப் போச்சு, இப்ப அதோட பேர் டிரைனேரியா ரூசியை, நான் மேல சொன்ன ரோஸ் நினைவா வச்சது. இது ஒரு பக்கம். சந்தையில அதே மருந்துன்னு சொல்லி டவாலியா வகைப் பன்னத்தோட தண்டையும் விக்கிறாங்க, காய்ஞ்ச பிறகு ரெண்டும் மயிர் மூடின துண்டுதான், சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தச் செடி நல்லது இந்தச் செடி கெட்டதுன்னு நான் சொல்ல வரல, நான் வைத்தியம் படிச்சவ இல்ல. ஒருத்தர் ஒரு செடியை வச்சு ஆராய்ச்சி பண்ணி இன்ன பலன்னு எழுதினா அது அந்தச் செடிக்கு மட்டும்தான் பொருந்தும். உங்க கட்டுரையைப் படிச்சிட்டு படத்துல இருக்கிற பறவைக்கூட்டை வெட்டிட்டுப் போற ஒரு அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சி எதுவும் பொருந்தாது.

கிழங்குன்னு சொல்றதையும் சொல்லணும். அது மண்ணுக்கடியில விளையுற மரவள்ளி மாதிரி கிழங்கு இல்ல, கிளை மேல ஊர்ந்து போற தண்டு, பாடத்துல வேர்த்தண்டுக்கிழங்குன்னு படிப்பிப்போம். அதுலதான் மொட்டு இருக்கு, அதுல இருந்துதான் ரெண்டு வகை இலையும் வருது. மரவள்ளியைப் பிடுங்கினா தடியை நட்டுக்கலாம், அடுத்த வருஷம் திரும்ப வரும். இதைச் சுரண்டி எடுத்தா செடியே போச்சு, மண்ணும் போச்சு, அதுக்குள்ள இருந்த உசிருங்களும் போச்சு. வித்தி விழுந்து முளைச்சு அந்த அளவு கூடாகிறதுக்கு எத்தனை மழை காலம் வேணும்.

எங்க அப்பாயி நாமக்கல் பக்கத்துல இருந்து சின்னப் பிள்ளையா மண்டபம் கேம்ப் வழியா வந்தவங்க. கொல்லிமலைச் சந்தையில முடவாட்டுக்கால் விக்கிறதை அவங்க அம்மா சொல்லக் கேட்டவங்க. இங்க வந்து ஒரு நாள் விறகுக்குப் போனப்போ பாறையில இதைக் கண்டுட்டு, இது நம்ம ஊர்ச் செடியாச்சேன்னு உட்கார்ந்து அழுதாங்களாம். முடவனையும் எழுப்பி நடக்க வைக்கும், அதனால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. அவங்க எடுக்கிற விதத்தை நான் பார்த்திருக்கேன், நுனிப்பக்கத்தைத் தொட மாட்டாங்க, இலை உதிர்ந்த பழைய தண்டுல ஒரு சாண் மட்டும் நறுக்கிட்டு, நறுக்கின இடத்துல சருகை அள்ளி மூடி விட்டுட்டு வருவாங்க. ஒரு வீட்டுக்கு ஒரு மாசத்துக்கு அது போதும். இப்ப அங்க சொந்தக்காரங்க அனுப்புற வாட்ஸ்அப் வீடியோவுல கொல்லிமலையிலயும் ஏற்காட்டுலயும் கடை கடையா குவிச்சு வச்சிருக்கிறதைப் பார்க்கிறப்ப பயமா இருக்குது. அதே யாவாரம் இங்கயும் வந்தா கண்டி ரோட்டு மரத்துல ஒண்ணு மிஞ்சாது.

நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி பக்கம் போனீங்கன்னா முடவாட்டுக்கால் இருக்காது, அது குளிர் அதிகமான உயரத்துக்குப் போகாது, அங்க மரப்பட்டையில ஒரே கல அடுக்கு தடிப்புல கண்ணாடித்தாள் மாதிரி மென்படலப் பன்னம் இருக்கும், ஒரு வாரம் மூடுபனி இல்லாட்டி சுருண்டுரும். நம்ம நாட்டுல பன்னம் மட்டும் 300 இனத்துக்கு மேல, அதுல பெரும்பகுதி மலைநாட்டுலதான். ஸ்லெட்ஜ்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1982ல முழுப் பட்டியல் போட்டாரு, சிலோன் தாவரக் கையேட்டோட திருத்திய பதிப்புல 15வது தொகுதி 2006ல முழுக்கப் பன்னத்துக்காகவே வந்துச்சு. எல்லாம் இங்கிலீஷ்ல. தமிழ்ல எங்க பிள்ளைங்களுக்குக் கையில கிடைக்கிறது பாடப்புத்தகத்துல ஒரு பக்கம், அதுக்கு அப்புறம் உங்க பேப்பர். அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு உரிமையோட கேட்கிறேன்.

நான் கேட்கிறது மூணு வரித் திருத்தம். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்துல, முடவாட்டுக்கால் ஒட்டுண்ணி இல்ல மேலொட்டி, பழுப்பு இலை நோய் இல்ல அதோட கூடை, படம் மாறிப் போச்சு, அவ்வளவுதான். பேர் போடுறதா இருந்தா டிரைனேரியா குவெர்சிஃபோலியான்னு போடுங்க, அக்லேமோர்ஃபான்னும் எழுதுவாங்கன்னு பக்கத்துலயே ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க, படிக்கிற பிள்ளை தேடினா ரெண்டு இடத்துலயும் கண்டுபிடிச்சுக்கும். முடிஞ்சா பேராதனைப் பூங்காவுல இருக்கிற தேசிய உலர்தாவரகத்துல ஒருத்தர்கிட்ட காட்டிட்டுப் போடுங்க, 1821ல இருந்து இருக்கிற தோட்டம், கம்பளையில இருந்து பஸ்ல போற தூரம்தான், பன்னத்துக்குன்னு தனியா ஒரு இடமே அங்க இருக்கு.

இதோட நாலு படம் அனுப்பியிருக்கேன், பிள்ளைங்க போன்ல எடுத்தது, பேர் போடாம நீங்க பாவிச்சுக்கலாம். ரெண்டு படம் அந்த மாரை மரம், சுரண்டுறதுக்கு முன்னாலயும் பின்னாலயும். மூணாவதுல இலை முதுகுல இருக்கிற வட்டப் பொட்டு தெளிவாத் தெரியும். நாலாவது போன வெள்ளிக்கிழமை எடுத்தது. உரப்பையில இருந்து விழுந்து கிடந்த தண்டுத் துண்டுங்களை அந்த அண்ணனே பொறுக்கிக் கொண்டாந்து குடுத்தாரு, தென்னந்தும்பு வச்சு அதே மரத்துல ஆறு இடத்துல நாங்க கட்டி விட்டிருக்கோம். வலது பக்கத்துல இருக்கிறதுல விரல் நகம் அளவுல பச்சையா ஒண்ணு எட்டிப் பார்க்குது, பெரிசாக்கிப் பாருங்க, அது கூடை இலை.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி,
கம்பளை